எலும்புக் கோவிலிலிருந்து மாமன் எழுதுவது

குட்னா ஹோரா, செக் நாடு
7-7-2024

அன்புள்ள அக்கா மகள் சங்கீதாவுக்கு மாமன் பாண்டித்துரை எழுதுவது. நான் இங்கே ராஜா மாதிரி இருக்கிறேன்; ஓமன் நாட்டுச் சோஹாரில் நீ ராணி மாதிரி இருப்பாய். உன் போனை மாப்பிள்ளை அருள்ராஜ் நோண்டுகிறார் என்றாயே, அதனால் தாளில் எழுதி, போட்டோ எடுத்து, பக்கத்து வீட்டு ஹிஃப்ஸாவின் போனுக்கு அனுப்புகிறேன்.

என் குவைத் முதலாளி மூட்டுவலிக்கு வெந்நீர்க் குளியல் போட இந்த நாட்டுக்கு வந்திருக்கிறார். பாண்டி இல்லாமல் விமானம் ஏற மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்று என்னையும் கூட்டி வந்தார். நேற்று இந்தப் பழைய ஊரைச் சுற்றிப் பார்த்தோம். இங்கே ஒரு கோவில் முழுக்க மனுஷ எலும்பு, தாயி. இரண்டு லட்சம் பேர்! மண்டை ஓட்டில் தோரணம், தொடை எலும்பில் சரவிளக்கு. ஓரிடத்தில் எலும்பாலேயே காக்கா செய்து, அது வெட்டுண்ட தலையின் கண்ணைக் கொத்துகிற மாதிரி வைத்திருக்கிறான். எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் கிட்டே போய்ப் பல்லை எண்ணினேன்.

வாசலில் ஆறரை அடி வெள்ளைக்காரன் ஒருவன் முதலாளியின் சக்கர நாற்காலியை இடித்துவிட்டு முறைத்தான். விட்டேன் ஓர் அறை. மூன்று பல் தரையில். போலீஸ்காரனே வந்து எனக்குக் கைகொடுத்துவிட்டுப் போனான்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் மாமன்
பாண்டித்துரை

சோஹார்
12-7-2024

மாமாவுக்கு,

ஹிஃப்ஸா அக்காவின் அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எலும்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். என் இடது மணிக்கட்டு ஒடிந்து கட்டுப் போட்டிருக்கிறது. அவர்தான் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினார். ஆஸ்பத்திரியில் படியில் விழுந்ததாகச் சொல்லவைத்தார்.

நான் நர்ஸ் படிப்பு முடித்தவள் என்று அவரிடம் சொன்னது நீங்கள். அவர் சூப்பர்வைசர், குடிக்க மாட்டார் என்று அம்மாவிடம் சொன்னதும் நீங்கள். நான் இரண்டாம் வருஷத்தில் நின்றவள் என்று தெரிந்த நாளிலிருந்து அடி. அது தெரியாமல் போயிருந்தால் வேறு காரணம் கண்டுபிடித்திருப்பார்.

ஊருக்கு வருகிறேன் என்றால் அம்மா, "என் தம்பி விசாரிக்காமலா செஞ்சான்? நீதான் அனுசரிச்சுப் போகணும்" என்கிறாள். நீங்கள் சொன்னால்தான் நம்புவாள். விசாரிக்கவே இல்லை என்று அவளிடம் சொல்லிவிடுங்கள், மாமா. பாஸ்போர்ட் ஹிஃப்ஸா அக்காவிடம் பத்திரமாக இருக்கிறது. போய் இறங்க எனக்கு ஒரு வீடு வேண்டும்.

சங்கீதா

செக் நாடு
14-7-2024

தாயி,

ரத்தம் கொதிக்கிறது. சோஹார் துறைமுகத்தில் என் ஆட்கள் நாற்பது பேர் இருக்கிறார்கள். ஒரு போன் போட்டால் போதும், அந்தப் பயலைக் கண்டெய்னருக்கு அடியில் வைத்து நசுக்கிவிடுவார்கள். உன் மாமன் கை எப்படிப்பட்டதென்று உனக்குத் தெரியாது. எலும்புக் கோவில் பார்த்த அன்றைக்கே முதலாளியின் மகனோடு வெள்ளிச் சுரங்கத்துக்கும் போனேன். வெள்ளை அங்கி, தலைக்கவசம், உடம்பை ஒடுக்கி நுழைகிற பொந்து. உள்ளே ஒரு தடியன் முண்டினான். பாறையோடு வைத்து முகத்தைத் தேய்த்துவிட்டேன்.

அக்காவிடம் மட்டும் இப்போது வேண்டாம். என் மேல் உயிரையே வைத்திருக்கிறாள். லீவில் போய்ப் பக்குவமாக நானே சொல்கிறேன். அதுவரை பொறுத்துக்கொள்.

பாண்டித்துரை

சோஹார்
19-7-2024

மாமா,

நேற்றுக் குக்கர் மூடியால் அடித்தார். இடது காதில் ரத்தம் நின்றுவிட்டது, சத்தம்தான் கேட்கவில்லை. அடிக்கிற ஆள் எனக்கு ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், இன்னொருவர் வேண்டாம். அம்மாவிடம் சொல்வீர்களா, மாட்டீர்களா? அதை மட்டும் எழுதுங்கள்.

சங்கீதா

ஃபர்வானியா, குவைத்
22-7-2024

சங்கீதாவுக்கு,

சொல்லிவிட்டேன்.

என் ரூமில் இருந்த ஒருவன் போட்டோ காட்டினான். அருள்ராஜ் நல்ல சட்டை போட்டிருந்தான். மற்றதையெல்லாம் நானே சேர்த்துக்கொண்டேன் என்று அக்காவிடம் சொன்னேன். உன்னிடமும் சொல்கிறேன். எலும்புக் கோவிலில் போர்டில் போட்டிருந்தது நாற்பதாயிரம்தான். வாசலில் அறை வாங்கியது நான். நாற்காலி படியில் நழுவிவிட்டது. முதலாளியின் மகன் அத்தனை பேர் பார்க்க அறைந்தான். நான் சாரி சொல்லிவிட்டுச் சக்கரத்தைத் துடைத்தேன். சோஹாரில் எனக்கு ஒரு ஆளும் கிடையாது.

உன் கை ஒடிந்ததையும் சொன்னேன். எந்தக் கை என்று அக்கா கேட்டாள். இடது என்றேன். "புள்ள மூணு மாசமாச் சொல்லிச்சேடா. உன் வாயை நம்பில்ல அவளை வஞ்சேன்" என்றாள். "திருச்சி ஏர்போர்ட்டுல நான் நிப்பேன், வரச் சொல்லு. நீ இனி என் வாசப்படி ஏறாத."

வியாழக்கிழமை அவன் டூட்டிக்குப் போனதும் ஹிஃப்ஸாவின் வீட்டுக்காரர் உன்னை மஸ்கட் ஏர்போர்ட்டில் இறக்கிவிடுவார். டிக்கெட்டை அவருக்கு அனுப்பியிருக்கிறேன். உன்னைப் பார்த்ததும் அக்கா அழுவாள். அழவிடு. என்னைப் பற்றிப் பேச்சு வந்தால், எனக்காக எதையும் கூட்டிச் சொல்லாதே.

பாண்டித்துரை