கேட்காமல் விட்ட கேள்வி

இன்று காலை ஓசூர் நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஒரு பெண் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஷிப்ட் முடிந்து நேராக வந்திருப்பாள் போல. அவள் சேலையிலிருந்து மெஷின் ஆயில் வாசனை அடித்தது. எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத, லேசாகக் கருகின மாதிரியான அந்த வாசனை. உடனே நீதான் நினைவுக்கு வந்தாய். நீ எந்தத் தொழிற்சாலையிலும் வேலை செய்தவள் இல்லை. ஆனால் உன்னை அழித்த வழக்கு நடந்த நாளெல்லாம் அந்தக் கோர்ட் அறை இப்படித்தான் மணத்தது.

எண்பதுகளில் நாம் இருவரும் இங்கிருந்து பெங்களூருக்குப் பஸ்ஸில் போய்ப் படித்தோம். காலையில் சட்டக் கல்லூரி, பிற்பகலில் வேறொரு கல்லூரியில் இதழியல். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. உன்னிடம் பதில் தயாராக இருக்கும். "எழுதுனா கேஸ் போடுவாங்க. அந்தக் கேஸையும் நானே பாத்துக்குவேன்." பாகலூர்ப் பக்கத்து விவசாயி மகள் நீ. வீட்டில் தெலுங்கு, வயலில் கன்னடம், பள்ளியில் தமிழ். மூன்றிலும் உனக்கு வாய் நீளம். நான் கடைவீதியில் சாக்கு வியாபாரம் செய்தவரின் மகள். உன்னைப் பார்த்த பிறகுதான் அத்தா என்னை அனுப்பச் சம்மதித்தார். "அந்தப் புள்ள கூடப் போனா பத்தரமா வந்துருவ நூரு" என்றார்.

அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் லாரிகளுக்குப் பின்னால் பஸ் நின்றுவிடும். அப்போதுதான் நாம் பாடத்தைப் பேசுவோம். சட்ட ஆசிரியர், நிரூபிக்க முடியாததை வாயால் சொல்லாதே என்பார். இதழியல் ஆசிரியர், கண்ணால் பார்த்ததை எழுதாமல் விடாதே என்பார். "காலைல வாய மூடுன்றாங்க, மத்தியானம் வாயத் தொறன்றாங்க. நடுவுல சோறு தின்னத்தான் வாய் நம்முது" என்று நீ சொன்னதும், முன் சீட்டுக் கிழவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

கடைசி வருடத்தில்தான் மாதம்மா நம் வாழ்க்கையில் வந்தாள். ஊத்தங்கரைப் பக்கத்துப் பெண். தொழிற்பேட்டையில் வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இரும்பை வெட்டும் பிரஸ் மெஷினில் நின்றவள். வேகமாக ஓட்டுவதற்காக மெஷினின் காப்புத் தகட்டைக் கழற்றி வைத்திருந்தார்கள். அவள் வலது கையில் நாலு விரல்கள் போயின. கட்டுப் போட்ட கையோடு வாடகை அறையில் படுத்திருந்தவளைப் பார்க்க நாம் இருவரும் போனோம். கட்டுரையில் பெயரை மாற்றிப் போடலாம் என்றாய். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"எம் பேரையே போடுங்கக்கா. வேற எவ பேராவது போட்டா, வெரல் போனது அவளுக்குன்னு ஆயிரும்."

நீ எழுதினாய். ஒரு தமிழ் வாரப் பத்திரிகை வெளியிட்டது. அந்த மாதமே கம்பெனி உன்மீதும் பத்திரிகை ஆசிரியர்மீதும் அவதூறு வழக்குப் போட்டது. அடுத்த இதழில் ஆசிரியர் மன்னிப்பு அச்சிட்டு விலகிக்கொண்டார். உன்னையும் மன்னிப்பு என்று ஒரு வரி எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நீ மறுத்தாய். வக்கீல் வைக்கவும் மறுத்தாய். "ரெண்டு பட்டத்துக்கும் சேத்து ஒரே பரீட்ச வந்திருக்கு, இத விட்டுட்டு ஓடச் சொல்றியா" என்று என்னைக் கேட்டபோது உன் முகத்தில் பயமே இல்லை. சந்தோஷம்கூட இருந்தது.

எழுதியது உண்மை என்று காட்ட வேண்டிய பொறுப்பு உன்னுடையது. கம்பெனியே மாதம்மாவைச் சேர்த்திருந்த தனியார் ஆஸ்பத்திரி, அப்படி ஒருத்தி வரவேயில்லை என்றது. கூட வேலை செய்த பெண்கள், நாம் தெருவில் வருவதைப் பார்த்தாலே கதவைச் சாத்தினார்கள். மாதம்மா இருக்கிறாள் என்று நம்பியிருந்தாய். அவள் வந்தாள், கம்பெனி தரப்புச் சாட்சியாக.

புதுச் சேலை உடுத்தியிருந்தாள். வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். எங்கே அடிபட்டது என்று கம்பெனி வக்கீல் கேட்டார்.

"எங்கூருல, கரும்பு ஆட்டற மிஷின்ல கை மாட்டிக்கிச்சுங்க."

"இந்த அம்மாவ உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

அறையின் கடைசியில் அவளுடைய அண்ணன் அந்தக் கம்பெனியின் நீலச் சட்டையோடு நின்றிருந்தான். சட்டையில் மடிப்புக்கூடக் கலையவில்லை. அவனுக்குப் புதிதாக வேலை கொடுத்திருந்தார்கள்.

குறுக்கு விசாரணைக்கு நீ எழுந்தாய். என்ன கேட்கப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் என்னைச் சாட்சியாக வைத்து ஒத்திகை பார்த்திருந்தாய். கரும்பு ஆட்டும் மெஷின் கையை நசுக்கும். பிரஸ் நேராக வெட்டும். முதலில் கையைக் காட்டச் சொல்வது, பிறகு நசுங்கிய தழும்பு எங்கே என்று கேட்பது.

"கையக் காட்டும்மா" என்றாய்.

மாதம்மா முந்தானையை விலக்கிக் கையைத் தூக்கினாள். விரல்கள் ஒரே கோட்டில் வெட்டுப்பட்டிருந்தன. அவள் உன்னைப் பார்க்கவில்லை, பின்னால் நின்ற அண்ணனைப் பார்த்தாள். நீயும் திரும்பி அவனைப் பார்த்தாய். மாஜிஸ்திரேட் பேனாவைக் கையில் பிடித்தபடி, "அப்புறம்?" என்றார்.

"வேற கேள்வி இல்லீங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாய்.

அபராதமும், கோர்ட் கலையும் வரை காவலும் விதித்தார்கள். ஒரு பகல் பூராவும் அறையின் ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். மாதம்மா உன்னைத் தாண்டித்தான் வெளியே போனாள். நிற்கவில்லை. ஏன் விட்டாய் என்று நான் கேட்டேன். "பொய்ச் சாட்சின்னு அவள உள்ள போட்டுருவாங்க. அண்ணனுக்கு வேல போயிரும். போதும், அவளுக்கு ஏற்கெனவே ஒரு கை போச்சு" என்றாய்.

பிறகு நடந்ததை நீ எதிர்பார்க்கவில்லை. தண்டனை பெற்றவள் என்று, வக்கீலாகப் பதிய நீ போட்ட விண்ணப்பத்தைக் கிடப்பில் வைத்தார்கள். வேலை கேட்டுப் பத்திரிகை ஆபீஸ்களில் ஏறி இறங்கினாய். கேஸில் தோற்ற பெண்ணா என்று ஒருவர் உன் முகத்துக்கு நேரே கேட்டார். நான் கறுப்புக் கோட்டு மாட்டிய வருடம், உன்னை வேப்பனப்பள்ளியில் ஒரு மாந்தோப்புக்காரருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் சண்டை வரும்போதெல்லாம் உன் மாமியார், "கோர்ட்டுல ஒக்காந்துட்டு வந்தவதானே" என்பாளாம். தீர்ப்பு வந்த சில மாதங்களிலேயே மாதம்மாவின் அண்ணனையும் கம்பெனி வெளியே அனுப்பிவிட்டது என்று நான்தான் உனக்குச் சொன்னேன். நீ மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாய். நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டாய்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உனக்கு மஞ்சள் காமாலை முற்றி, கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கண்ணெல்லாம் மஞ்சள். உன்னைத் தேற்ற நினைத்து, உன் நல்ல மனசு யாருக்கும் வராது என்றேன். உனக்குக் கோபம் வந்தது.

"நல்ல மனசுன்னு சொல்லாத நூரு. அன்னிக்குக் கேட்டிருக்கணும். அவளும் பொழைக்கல, நானும் பொழைக்கல. கேட்டிருந்தா, அந்த மிஷினுக்குத் தகடாவது போட்டிருப்பாங்க. அவளுக்கப்புறம் அங்க எத்தன பேருக்கு வெரல் போச்சோ."

அந்த வாரமே நீ போய்விட்டாய். மாதம்மா வரவில்லை. அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கடைசிப் பேச்சைத்தான். இத்தனை வருடமாகத் தொழிலாளர் பக்கம்தான் வழக்காடுகிறேன். கூண்டில் நிற்பவர் எவ்வளவு ஏழையாக இருந்தாலும் பொய் சொன்னால் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுகிறேன். அழுதாலும் நிறுத்துவதில்லை. போன வருடம் முதலாளிக்காகப் பொய் சொன்ன ஓர் இளைஞனை அப்படித்தான் உடைத்தேன். கை இழந்த என் கட்சிக்காரருக்கு நியாயம் கிடைத்தது. அவனுக்கு வேலை போயிற்று. அவன் மனைவி கைக்குழந்தையோடு கோர்ட் வாசலில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் தரையில் காறித் துப்பினாள்.

நான் அதைத் தாண்டி நடந்து போய்ப் பஸ் ஏறினேன். நீயாக இருந்தால் நின்றிருப்பாய்.