உன் கை அவன் தலையில் இருந்ததா?

என் தம்பி, அப்பு சாமுவேலுக்கு,

நீ போன பிறகு உன் வீட்டு மாடியில் நடந்ததையெல்லாம் உன்னிடம் சொல்ல வேண்டும். நம் ஜெபக்கூட்டத்து ஆட்களும் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும்.

வத்தலக்குண்டு ரோட்டில் கீழே மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் உன் கடை, மேலே ஞாயிற்றுக்கிழமை ஜெபம். பெரிய வேதக்கோயிலில் யார் முன்னால் உட்காருவது, யார் பின்னால் நிற்பது என்று நடந்த சண்டையில் வெறுத்துப்போய்த்தான் நீ இதை ஆரம்பித்தாய். "இங்க பாஸ்டரும் இல்ல, பந்தாவும் இல்ல" என்பாய். பாயில் வட்டமாக உட்காருவோம். உன் மனைவி மெர்சி வேதம் வாசிப்பாள். ஆண்டவர் நினைவாக அப்பத்தைப் பிட்டு, பக்கத்தில் இருப்பவருக்கு அவரவரே கொடுப்போம்.

உனக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கடைசி நாள் மத்தியானம் நான் மருந்து வாங்கக் கீழே போனேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு ஓட்டுகிற எபினேசர் உன் பக்கத்தில் இருந்தான். நான் திரும்பி வந்தபோது நீ இல்லை. அவன் அழுதுகொண்டு நின்றான்.

கல்லறைத் தோட்டத்தில், உன்மேல் மண் தள்ளுவதற்கு முன்னால், அவன் எல்லோரையும் பார்த்துச் சொன்னான்: "அண்ணன் என் தலைமேல கை வச்சாரு. என் ஜனத்தப் பாத்துக்கோன்னு சொன்னாரு."

அழுகைக்கு நடுவிலும் எனக்கு உறுத்தியது. உன் வலது கை விழுந்துபோயிருந்தது. இடது கையில் ஊசி குத்திக் கட்டியிருந்தார்கள். நீ தண்ணி கேட்டாலே எனக்கு விளங்காது. இம்புட்டு நீளமாகப் பேசினாயா, அப்பு?

ஆனால் யாரும் கேட்கவில்லை. எபினேசர் 'பாஸ்டர்' ஆனான். இரண்டு பேரை மூப்பர் ஆக்கினான். ஈஸ்டர் கழிந்து, வெள்ளை அங்கி போட்ட ஒருவர் வந்து அவன் தலையில் கை வைத்து அபிஷேகம் செய்தார். "இனிமே இவருக்குக் கீழ்ப்படிஞ்சு நடங்க, ஆண்டவர் ஆசீர்வதிப்பாருங்க" என்றார். அவருக்கு அபிஷேகம் செய்தது யார் என்று கேட்டேன். மதுரையில் இன்னொருவராம். அவருக்கு? தெரியாதாம்.

அதற்கடுத்த வாரம் கன்னிவாடியிலிருந்து வருகிற சாராள் எப்போதும் போல அப்பத்தட்டில் கை வைத்தாள். மூப்பர் ஒருவர் தட்டை இழுத்துக்கொண்டார்.

"கைய எடும்மா. இத அபிஷேகம் வாங்குனவங்கதான் தொடணும்."

"அண்ணன் இருந்தப்ப நாங்கதான பிட்டுக் குடுத்தோம்?"

"அது அப்ப."

சாராள் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். திருடிப் பிடிபட்டவள் போல.

வீட்டுக்கு வந்து புதிய ஏற்பாட்டை முதலிலிருந்து புரட்டினேன். இயேசுவின் முதல் சீடர்களும் வீடுகளில்தான் அப்பம் பிட்டிருக்கிறார்கள். விதவைகளுக்குச் சோறு சரியாகப் போகவில்லை என்று முறுமுறுப்பு வந்ததும் பந்தி விசாரிக்க ஏழு பேரைத் தெரிந்தெடுத்து, கை வைத்து ஜெபித்திருக்கிறார்கள். சோறு போடத்தான். கொஞ்சம் பக்கம் தள்ளினால் மூப்பர் வருகிறார், கண்காணி வருகிறார். பிஷப்புக்கு நம் பைபிளில் அதுதான் பேர். தாண்டிக்குடி காப்பித் தோட்டத்தில் கண்காணிக்குப் பயந்து வேலை பார்த்த அப்பா, அந்த இடம் வந்தாலே வாசிப்பை நிறுத்திவிடுவார், ஞாபகம் இருக்கிறதா? அந்த முதல் ஆட்கள் செத்தபோதும் ஒவ்வொரு அறையிலிருந்தும் ஒருத்தன் வெளியே வந்து, என் தலையில்தான் கை வைத்தார் என்று சொல்லியிருப்பானோ? உள்ளே இருந்தது யார், பார்த்தது யார்?

பஸ் ஸ்டாண்டு பக்கம் லாரியைக் கழுவிக்கொண்டிருந்த எபினேசரிடம் போனேன்.

"எபி, மறைக்காமச் சொல்லு. தம்பி நெசமாவே கை வச்சானா?"

"என்னைய நம்பலையாக்கா?"

"அவனுக்குக் கை தூக்க ஏலாதேப்பா."

அவன் குழாயை மூடிவிட்டுத் திரும்பினான். பிறகு சொன்னான். "நான்தான் அவரு கைய எடுத்து என் தலைல வச்சுக்கிட்டேன். என்னமோ சொன்னாரு. எனக்கு அப்படித்தான்க்கா கேட்டுச்சு."

"இத ஜெபத்துல எல்லார்ட்டயும் சொல்லு."

"சொன்னா அம்புட்டும் போயிரும். அன்னைக்கு ஒருத்தன் எந்திரிச்சு நிக்காட்டி, மறுவாரம் ஒருத்தரும் வந்திருக்க மாட்டாகக்கா."

அவனைத் திட்டத்தான் போனேன். ஆனால் அவன் சொன்னதும் உண்மையாக இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை நானே எழுந்து சொன்னேன். மூப்பர்கள் சத்தம் போட்டார்கள். எபினேசர் தலையைக் குனிந்துகொண்டான். எரியோட்டிலிருந்து வரும் பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "கை பட்டுச்சுல்ல? அது போதும்" என்றார். பாதிக்கு மேல் அவனோடு போய்விட்டார்கள். நாகல்நகரில் ஹால் பிடித்திருக்கிறார்கள். மீதிப் பேர் மாடியில் மெர்சியோடு இருக்கிறோம். சாராள் பழையபடி அப்பம் பிட்டுக் கொடுக்கிறாள்.

இப்போது உன்னையும் நான் சந்தேகப்படுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. எல்லோரும் சமம் என்றாய். ஆனால் ஜன்னலோரம் உன் இடத்தில் யாரும் உட்கார்ந்ததில்லை. நீ தொண்டையைச் செருமினால்தான் ஜெபம் ஆரம்பிக்கும். அது உனக்குத் தெரியாதா? தெரிந்தும் பிடித்திருந்ததா?

போன வாரம் ஜெபம் முடிந்ததும் ஒரு பெண் மெர்சியிடம் வந்து, மகளுக்கு வந்திருக்கும் மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். "நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டாப் போதும்க்கா, முடிச்சிருவோம்."

அவள் வீட்டு விஷயம், அவளும் வீட்டுக்காரரும் பேசட்டும் என்று மெர்சி சொல்லுவாள் என நினைத்தேன். மெர்சி கண்ணை மூடினாள். "ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்" என்றாள். அந்தப் பெண் குனிந்து கும்பிட்டாள். மெர்சி தடுக்கவில்லை.

படியிறங்கும்போது கேட்டேன்: "அது என்ன மெர்சி, கும்பிடு வாங்குற?"

"பாவம் மதினி, ஆறுதலுக்கு வருதுக. நான் என்ன கேட்டா வாங்குறேன்?" என்றாள். அவள் முகத்தில் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. உன் முகத்திலும் அதைப் பார்த்திருக்கிறேன்.

அப்பு, அவளை நான் தனியே விட மாட்டேன், கண்ணை எடுக்கவும் மாட்டேன். அடுத்த முறை யாராவது குனிந்தால், எல்லோர் முன்னாலும் எழுந்து கேட்பேன். நான் கேட்கக் கேட்க என் பின்னால் நாலு பேர் சேருகிறார்கள் என்று தெரிந்தால், என்னையும் எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்கச் சொல்லி சாராளிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

உன்னைத் தூக்கி வளர்த்த, இப்போது உன்னையே நம்பாத,
உன் அக்கா எஸ்தர்