கருங்குழி இல்லாத தந்தி

786

செங்கல்பட்டு
2-3-1974

அருமை மகன் ஷேக் தாவூதுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகமாக இருக்கிறேன். இந்த வரியை இன்னொரு தடவை படி. வழக்கத்துக்கு எழுதுகிற சுகம் இல்லை இது, நிஜமான சுகம். ஜுரம் இல்லை, மயக்கம் இல்லை, காலையில் மூன்று ஆப்பம் தின்றேன். முழங்கால் வலி நீ பிறப்பதற்கு முன்பே வந்தது, அதைச் சேர்க்காதே. ஏன் இப்படி அழுத்தி எழுதுகிறேன் என்று கீழே வரும், பதறாமல் உட்கார்ந்து படி.

உங்கள் அத்தா போய், நான் இத்தாவென்று இந்த அறைக்குள் உட்கார்ந்து இன்றைக்கு எழுபத்தொன்றாம் நாள். நாலு மாசம் பத்து நாளில் பாதிதான் தாண்டியிருக்கிறது. ஹாஸ்டல் அறையில் மூச்சு முட்டுகிறது, நாள் முழுக்க ஒரே ஸ்வரத்தை ஊதச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். என் அறையை நீ பார்த்துவிட்டுத்தான் போனாய். ஒரு பாய், ஒரு கூஜா, ஒரு ஜன்னல், அதற்கும் உன் அண்ணி சுராயா வெள்ளைத் துணி தைத்துப் போட்டுவிட்டாள். உங்கள் அத்தாவுக்காக உட்கார்ந்திருக்கிறேன், அதில் எனக்குக் குறை இல்லை, அவருக்காக இன்னும் நாலு மாசம் சேர்த்துக்கூட உட்காருவேன். ஆனால் வெளியே நடப்பதை எழுந்து போய்க் கேட்க முடியவில்லை பார், அதுதான் குறை.

நேற்று வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு உன் சின்னத்தா மதார் சாகிப் வந்து கூடத்தில் உட்கார்ந்தார். கொழுந்தன் முகத்தில் இத்தாக்காரி விழிக்கக்கூடாது, அதனால் நடுவில் திரை. நான் இன்னும் தொழுதுகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருப்பார். ஸலாம் கொடுத்து முடித்த பிறகுதான் கேட்டேன், தொழுகையில் காதை நீட்டவில்லை. உன் அண்ணன் ஹமீதிடம் சொல்கிறார், "இன்னாடா இது, உங்க அத்தா போயி ரெண்டு மாசத்துக்கு மேல ஆவுது, வெறகுத் தொட்டி கேப்பாரில்லாம கீது, உனுக்கு ஒரு வண்டி எறக்கறதுக்குள்ள மூச்சு வாங்குது, அவன் இன்னாடான்னா அங்க மூங்கில ஊதிகினு கீறான், அதுக்கு ஒரு காலேஜு" என்று. அம்மா ஒத்துக்க மாட்டாங்களே சின்னத்தா என்றான் இவன், அவ்வளவாவது சொன்னான். அதற்கு அவர், "இத்தாவுல கீற பொம்பளகிட்ட இன்னாத்த கேட்டுகினு. செய்யூர் லோடு வர்ற அன்னிக்கு ஒரு தந்தி குடுத்துடு, அம்மா சீரியஸ் ஒடனே பொறப்புடுன்னு. வந்தான்னா வந்தவன்தான், அப்புறம் எங்க போவான்" என்றார். செய்யூரிலிருந்து சவுக்குக் கட்டை லோடு வருவது பதினாறாம் தேதி. உன் வாசிப்புப் பரீட்சை பதினெட்டு. அத்தாவின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா வரைக்கும் இங்கே இருந்ததில் உன் வருகைக் கணக்கு ஏற்கெனவே குறைந்துவிட்டது, பரீட்சையும் விட்டுப்போனால் பெயரையே எடுத்துவிடுவார்கள் என்று நீதானே எழுதினாய். நான் ஒன்றையும் மறக்கிறவள் இல்லை.

அவரைப் பற்றியும் மறக்கவில்லை. நான் இந்த வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் என் தட்டிலிருந்த ஈரலை எடுத்துத் தின்றவர். உன்னை வயிற்றில் வைத்திருந்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது, உன் அக்கா ராபியாவும் தலைச்சன் பிள்ளைக்கு முழுகாமல் இருந்தாள். விருந்துக்கு வந்தவர்கள் எதிரில், "இன்னா அண்ணி, தாய்க்கும் மவளுக்கும் ஒரே தொட்டில் போதுமா" என்று கேட்டுச் சிரித்தார். அன்றைக்கு அவர் கட்டியிருந்த லுங்கி பச்சைக் கட்டம். அதெல்லாம் போகட்டும். தன் அண்ணன், அதாவது உன் அத்தா, வாய் திறக்காததால் பிள்ளை கெட்டான் என்று நேற்று சொன்னதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. மாமல்லபுரத்துத் தோப்பில் மரம் வெட்டுகிற நாளில் நீ கூடப் போவாய், கடற்காற்றில் குழல் பேசவே பேசாது, ஊதுகிற மூச்சைக் காற்று தட்டிக்கொண்டு போகும், நீ அழுதுகொண்டு திரும்பி உட்காருவாய். அத்தா ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு வண்டிக் கட்டையைக் கடல் பக்கமாக ஆள் உயரத்துக்கு அடுக்கச் சொன்னார், அதன் மறைவில் நீ உட்கார்ந்து வாசித்தாய். லாரி வந்த பிறகும் அந்த அடுக்கை மட்டும் கடைசியில் எடுக்கச் சொன்னார். வாய் திறக்காதவர் செய்தது அது, அவர் தம்பிக்கு எங்கே தெரியும்.

ஹமீதைக் கூப்பிட்டுக் கேட்டேன். "என்னால முடியலம்மா, ராவெல்லாம் ஒக்காந்துகினே கீறேன், அவன் வந்தா பாதி பாரம் எறங்கும்" என்றான். மார்பு விசில் அடிக்கிறது, இங்கே உட்கார்ந்தே கேட்கிறது. திட்டலாம் என்று கூப்பிட்டேன், திட்ட வரவில்லை. தந்தி கொடுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னேன், செய்யாமல் போய்விட்டான். தொட்டியில் ஆள் இல்லை என்பது பொய் இல்லை தாவூது, உன்னிடம் மறைக்க மாட்டேன். அவனும் நான் பெற்றவன்தான். இத்தா முடிந்த மறுநாள் நானே போய்த் தராசுப் பக்கம் உட்காரப்போகிறேன், விறகு நிறுக்க எனக்குத் தெரியாதா, முப்பது வருஷம் ஜன்னல் வழியாகப் பார்த்தவள். யார் சிரித்தாலும் சிரிக்கட்டும். அதுவரைக்கும் அவன் இழுத்துப் பிடிக்க வேண்டும், நானும் இந்தப் பாயில் இருந்தாக வேண்டும், நீயும் அங்கேயே இருந்தாக வேண்டும்.

அதனால் ஒன்று சொல்கிறேன். அம்மா சீரியஸ் என்று தந்தி வந்தால் அதில் கருங்குழி என்ற வார்த்தை இருக்கிறதா பார். இல்லாவிட்டால் அது பொய், மடித்து வைத்துவிட்டுக் குழலை எடு. உனக்கு ஒன்பது வயதில், ராபியாவைப் பார்க்கப் போகிறோம் என்று அத்தாவிடம் சொல்லிவிட்டு, கருங்குழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, கூடைக்காரனிடம் உனக்கு முதல் குழல் வாங்கினோமே, அது உனக்கும் எனக்கும் தவிர இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. நிஜமாகவே எனக்கு ஏதாவது என்றால் அந்தப் பெயரைச் சேர்த்து அடிக்கச் சொல்வேன். இந்தக் கடிதத்தைப் பக்கத்து வீட்டு மேரி எடுத்துப் போகிறாள், ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போகிற வழியில் பெட்டியில் போடுவாள். "யக்கா, வூட்ல யாருக்கும் மூச்சு வுட மாட்டேன்" என்றாள், நல்லவள்தான், அவளிடமும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

இதை எழுதிவிட்டு விளக்கைச் சின்னதாக்கிக்கொண்டு யோசித்தேன். நிஜமாகவே விழுந்துவிட்டேன் என்றால் கருங்குழி என்று சொல்ல எனக்கு வாய் இருக்குமா. வாய் இருந்தாலும் ஹமீதுக்கு எழுதத் தோன்றுமா. அப்போதும் கருங்குழி இல்லாத தந்திதான் உனக்கு வரும், நீயும் பொய் என்று மடித்து வைப்பாய். வேறு வழி தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. மடித்தே வை. பின்னால் தெரிந்து அழாதே, அப்படிச் செய்யச் சொன்னவள் நான், இது என் கையெழுத்து, பத்திரமாக வைத்துக்கொள்.

அல்லாஹ் உன் மூச்சுக்கு நீளம் கொடுக்கட்டும், பரீட்சை நாளில் விரல் நடுங்காமல் காக்கட்டும். பங்குனி வெயிலில் உதடு வெடிக்கும், ராத்திரி நெய் தடவு. பதினெட்டாம் தேதி வாசித்துவிட்டு அன்றைக்கே ஒரு கார்டு போடு, என் பெயருக்குப் போடாதே, மேரி பெயருக்குப் போடு. பதினெட்டுக்கு முன்னால் வராதே.

உன் சுகத்துக்கு துஆச் செய்துகொண்டு
இருந்த இடத்தில் இருக்கும் உன் அம்மா
ஹபீபா