இஸ்திரிப் பெட்டியில் காய்ந்த தலை

ரியாத், 2006

அன்பு பாத்திமுத்துவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, குமட்டல் மட்டும்தான்.

அறையில் என்னோடு தங்கியிருக்கும் அனுமந்தன்பட்டி பிரவீன், பெண் வீட்டுக்கு அனுப்பப் போட்டோ எடுக்கிறானாம். எண்ணெய் வழியும் ஈரத்தலையை மேசையில் சாய்த்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்க்கிறான்! கேட்டால், "பொண்ணு வீட்டாக சுருட்டை முடி வேணாம்பாகண்ணே" என்கிறான். கருகிய முடி நாற்றம், த்தூ, இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

அந்தப் பாவி தலைக்கு அடியில் விரித்திருந்தது என் நீலச் சட்டையை. நான் புறப்படும்வரை நீ தலைக்கு வைத்துப் படுத்தாயே, அதேதான். உன் கூந்தல் வாசம் போய்விடுமென்று துவைக்காமலே வைத்திருந்தேன். இன்று துவைத்துவிட்டேன்.

லீவில் ஊருக்கு வந்திருக்கும் சம்சுதீன் மச்சான் திரும்பும்போது ஊறுகாய் கொடுத்தனுப்பு. கூடவே நீ தலை துவட்டிய துண்டு ஒன்று.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. துண்டைத் துவைத்துவிடாதே.

ரியாசுதீன்