ஒன்பதாவது கை

1991 ஜனவரி 9, புதன்

காலையில் பனி. தொண்டை கட்டியிருக்கிறது. சாக்பீஸ் தீர்ந்துவிட்டது, ஆபீசில் கேட்டால் நாளைக்காம்.

மூன்றாம் ஆண்டு அரசியல் வகுப்பில் இன்று பாதுகாப்பு சபை. பதினைந்து பெண்கள், பதினைந்து நாடுகள், சீட்டுக் குலுக்கி எடுத்தது. நவம்பரில் ஐ.நா.வில் நடந்த ஓட்டெடுப்பையே திரும்ப நடத்துவது: 15ஆம் தேதிக்குள் ஈராக் குவைத்தை விட்டு வெளியேறாவிட்டால் படை அனுப்பலாமா? தலைவர் நான். மார்க் போடுவதும் நானே. கரும்பலகையில் எழுதிப்போட்ட விதிகள்:

– "எங்கள் நாடு" என்றே பேச வேண்டும். "நான்" என்று வந்தால் ஒரு மார்க் போச்சு.
– ஒன்பது கை உயர்ந்தால் தீர்மானம் நிறைவேறும்.
– தலைவர் யாரையும் வற்புறுத்தக் கூடாது.

எட்டில் நின்றுவிட்டது. இரண்டு பேர் எதிர்ப்பு, மற்றவர்கள் மேசையைப் பார்க்கிறார்கள். நூர்ஜஹான் ஃபின்லாந்து. வகுப்பிலேயே ஒழுங்காகப் படித்துவிட்டு வருகிறவள். ஃபின்லாந்து ஆதரித்த நாடு என்று அவளே கட்டுரையில் எழுதியிருக்கிறாள். கை மட்டும் எழவில்லை. பெல் அடிக்க இரண்டு நிமிடம். எனக்கு எரிச்சல்.

"என்னம்மா ஃபின்லாந்து, தூக்கமா?"

"யோசிக்கிறேனுங்க மேடம்."

"யோசிக்க என்ன இருக்கு? ஃபின்லாந்துக்கு அப்பா அம்மாவா இருக்காங்க? நாட்டுக்கு நலன் மட்டும்தான். கையைத் தூக்கு."

வகுப்பே சிரித்தது. தூக்கினாள். நடுவிரலில் மைக்கறை. ஒன்பது! எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கும் பெருமைதான், மறைப்பானேன்.

ஏன் அப்படி ஓட்டுப் போட்டோம் என்று ஆளுக்கு ஒரு பக்கம், "வாக்கு விளக்கம்", 17ஆம் தேதிக்குள்.

10, வியாழன்

சாக்பீஸ் வந்தது. பாதி உடைசல்.

ஆஜருக்குக் கை தூக்கச் சொல்வது என் பழக்கம். நூர்ஜஹான் இடத்தில் கை இல்லை. காய்ச்சலாக இருக்கும்.

11, வெள்ளி

இன்றும் வரவில்லை. பக்கத்து இருக்கை செல்வியைக் கேட்டேன்.

"அவங்க அத்தா குவைத்துல இருக்காருங்க மேடம். தையல் கடையில. ஆகஸ்டுக்கு அப்புறம் லெட்டரே இல்லீங்க. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சமுங்க."

சேர்க்கைப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். முகவரி: கோட்டைமேடு. தந்தை தொழில்: தையல். மூன்று வருடமாகப் பாடம் நடத்துகிறேன். எந்த நாட்டு எண்ணெய் எந்தக் கடல் வழியாகப் போகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கோட்டைமேட்டுத் தையல்காரர் எங்கே போனார் என்று தெரியாது.

"அப்பா அம்மாவா இருக்காங்க?" சொன்ன வாய் இதே வாய்.

13, ஞாயிறு

பொங்கலுக்கு உடுமலை, மாமியார் வீடு. காந்திபுரத்தில் பஸ் ஏறினோம், நிற்கக்கூட இடமில்லை. மேல் கம்பியைப் பிடித்த கைகள். என்னை அறியாமல் எண்ணத் தொடங்கிவிட்டேன். ஒன்பதாவது கையில் மைக்கறை இருந்தது. நன்றாகப் பார்த்தால் வெறும் மச்சம்.

"என்ன முணுமுணுக்கறே?" என்றார் இவர். ஒன்றுமில்லை என்றேன்.

மறந்துபோனவை: மாமியாருக்கு மாத்திரை, என் கண்ணாடிக் கூடு.

17, வியாழன்

காலை ரேடியோ: போர் தொடங்கிவிட்டது. பாக்தாத் மேல் குண்டு.

இவர்: "போர் வரும்னு நீ சொன்ன மாதிரியே ஆயிருச்சே!" பாராட்டாகத்தான் சொன்னார். காபியைக் கீழே ஊற்றினேன்.

கல்லூரி வகுப்பில் ஒரு பெண் கை தூக்கியதால் எங்கேயும் விமானம் கிளம்பாது. தெரியும். நூறு முறை சொல்லிக்கொண்டேன். போர்டில் எழுதும்போது முதுகுக்குப் பின்னால் அந்தக் கை இன்னும் தூக்கியபடியே இருக்கிறது. திரும்பினால் காலி பெஞ்சு.

மதியம் வகுப்பு முடிந்ததும் நேராகக் கோட்டைமேடு. நூர்ஜஹானின் அம்மா டீ கொடுத்தார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"எல்லாரும் ஏரோப்ளேன்ல ஏறி வந்துபோட்டாங்க டீச்சர். இவரு மட்டும், மொதலாளி ஊர்ல இல்ல, கடைய உட்டுபோட்டு எப்படி வாரதுன்னு நின்னுபோட்டாருங்க. நீங்க இதெல்லாம் படிச்சவங்க. எத்தன நாள்ல முடியுமுங்க? கடையில இருக்கறவங்கள ஒண்ணும் பண்ணமாட்டாங்கல்ல?"

போருக்கான காரணங்கள் ஐந்து என்று மார்க்குக்கு எழுதவைக்கிறவள் நான். "சீக்கிரம் முடியும்" என்றேன். பொய்.

நூர்ஜஹான் உள்ளேயிருந்து ஒரு தாளோடு வந்தாள்.

"வாக்கு விளக்கமுங்க மேடம். இன்னைக்குத்தானே கடைசி நாளு."

பஸ்ஸில் படித்தேன். பெரிய நாடு பக்கத்து நாட்டை விழுங்குவதைப் பொறுத்துக்கொண்டால், ஃபின்லாந்து போன்ற சிறிய நாடுகளுக்கு நாளை பாதுகாப்பு இல்லை. தெளிவு, ஒரு பிழை இல்லை. பக்கம் முழுக்கத் தேடினேன். ஒரு "நான்" கூட இல்லை. என் விதிப்படி பத்துக்குப் பத்து.

மார்க் போடவில்லை.

21, திங்கள்

வெயில். தொண்டை பரவாயில்லை.

நூர்ஜஹான் வந்துவிட்டாள். முதல் பெல்லுக்கு முன்பே ஆசிரியர் அறை வாசலில் நின்றாள். குவைத்திலிருந்து தகவல் இல்லை.

"மேடம், போட்ட ஓட்ட மாத்திக்க முடியுமுங்களா?"

இதற்கு மட்டும் பதில் தெரியும். "வேற மாதிரி போட நெனச்சேன்னு அப்புறமா குறிப்பு சேர்க்கலாம்மா. முடிவு மாறாது."

"அப்ப எம் பேரை எடுத்துருங்க மேடம்."

சபைக் குறிப்பு நோட்டைத் திறந்தேன். ஆதரவு, ஒன்று முதல் ஒன்பது வரை. ஒன்பதாவது பெயரை அடித்தேன். அந்த இடத்தில் என் பெயரை எழுதினேன். பக்கத்தில்: தலைவர் வற்புறுத்தியது.

குனிந்து படித்தாள்.

"முடிவு மாறாதுங்களா?"

"மாறாது."

"செரீங்க மேடம்."

வகுப்பில் ஆஜர் எடுத்தேன். அவள் பெயரைக் கூப்பிடும்போது நான் நோட்டை விட்டு நிமிரவில்லை. கை தூக்கியிருப்பாள்.