ரெக்சின் பாம்பு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் நானும் உன் தம்பியும் மருமகளும் குழந்தையும் நல்ல சுகம், என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அது என் பேச்சைக் கேட்பதை எப்போதோ விட்டுவிட்டது. நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று ஜெபம் பண்ணிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். போனில் பேசினால் ஆகாதா என்பாய். போனில் தம்பி பேச்சை எடுத்தாலே உன் வீட்டு வாசலில் யாரோ பெல் அடிக்கிறார்கள், அடுப்பில் எதுவோ கருகுகிறது. கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது பார்.

நம் சோபா தைக்கும் கடையில் வேலைக்குக் குறைவில்லை. போன வாரம் ஒரு பல் டாக்டரின் நாற்காலிகளுக்கு உறை மாற்றும் வேலை வந்தது, பழைய ரெக்சின் துண்டு ஏதாவது தேறுமா என்று பரண் மேல் ஏறினேன், மருமகளிடம் சொல்லித் தொலைக்காதே. அங்கே கையில் தட்டுப்பட்டது என்ன தெரியுமா, நம் பச்சைப் பாம்பு. சண்டே ஸ்கூல் நாடகத்துக்காக அம்மா என்னை நச்சரித்துத் தைக்க வைத்தாளே, அதே பாம்பு. யாரோ ஒருவரின் சோபாவில் மிஞ்சிய ரெக்சின், கண்ணுக்கு சோபா பட்டன், இப்போது ஒரு கண் போய்விட்டது. அதை மடியில் போட்டுக்கொண்டு பரணிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. நீ ஏவாள், பேக்கரிக்காரர் பையன் ஆதாம், ரெக்சினுக்குள் வேர்த்துக் கொட்டிக்கொண்டு உன் தம்பி. நம் போதகர் திரைக்குப் பின்னால் மைக்கில் கடவுள். இருந்தது ஒரே ஆப்பிள், கடிப்பதுபோல் பாவனை பண்ணினால் போதும் என்று அம்மா தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். நீயோ நாடகப் பரபரப்பில் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. மேடையில் ஏறியதும் சாவகாசமாக விதை வரைக்கும் தின்று முடித்துவிட்டாய். ஆதாமுக்கு மிச்சம் ஒன்றுமில்லை. கடவுள் அவனிடம் ஏன் தின்றாய் என்று கேட்டால், அவன் மூக்கைச் சிந்திக்கொண்டு, எனக்கு இவ தரவே இல்லையே என்றான். சபையே கொல்லென்று சிரித்தது. அடுத்து நீ பாம்பைக் கைகாட்ட வேண்டும். தனக்குச் சாபம் வரப்போகிறது என்று தெரிந்து தம்பி உள்ளேயே விசும்ப ஆரம்பித்துவிட்டான். நீ அவன் முன்னால் போய் நின்றுகொண்டு, பாம்பை ஒண்ணும் சொல்லாதீங்க, அவன் என் தம்பி, எனக்குப் பசிச்சுது, நான்தான் தின்னேன் என்று கத்தினாய். கடவுளின் மைக் கொரகொரவென்று இரைந்ததோடு சரி.

அன்று சாயங்காலம் போதகர் நம் வீட்டுக்கு டீ குடிக்க வந்து பெரிய வாக்குவாதம். ஆதாம் தின்னவே இல்லையென்றால் பாவம் நமக்கெல்லாம் எப்படி வந்தது, அந்த முதல் மனுஷனால்தானே நாம் எல்லோரும் பாவத்தோடு பிறக்கிறோம், இதைப் பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்லித் தர வேண்டாமா என்று அவர் வருத்தப்பட்டார். அம்மா அவர் தட்டில் இன்னும் இரண்டு பிஸ்கட்டை வைத்துவிட்டு, பிறவியிலேயே அது ஒட்டிக்கொண்டு வருவதை நான் இல்லை என்று சொல்லவில்லை ஐயா, ஆனால் பழத்தைத் தின்ற பிறகு ஆதாம் ஏவாளைக் கைகாட்டினான், அவள் பாம்பைக் கைகாட்டினாள், எனக்கென்னவோ அந்த இடத்தில்தான் எல்லாமே கெட்டுப்போனது, என் மகள் சொன்னதுபோல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தோட்டத்துக் கதவைக் கடவுள் சாத்தியிருக்க மாட்டார் என்றாள். போதகர் ஒப்புக்கொள்ளவில்லை, பிஸ்கட்டை மட்டும் ஒப்புக்கொண்டார். அம்மா அப்படிப் பேசி ஜெயிக்கும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வாளே, அது இன்னும் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன், கோபித்துக்கொள்ளாதே. அம்மா படுக்கையில் இருந்தபோது உனக்கு அந்த வெளியூர் வேலை வந்தது. போ அக்கா, அம்மாவை நான் பாத்துக்கிறேன் என்று தம்பி சொன்னான், நீ போனாய். அம்மா போன பிறகு அவனிடம், நீதான் ஆசை காட்டி என்னைத் துரத்திவிட்டாய், அம்மா முகத்தைக் கடைசியாகப் பார்க்கவிடாமல் பண்ணிவிட்டாய் என்றாய். அன்றிலிருந்து அவனோடு பேச்சு இல்லை. அவன் பதிலுக்கு வாய் திறக்கவில்லை, இன்றைக்கும் திறப்பதில்லை. கண்ணு, போக வேண்டும் என்று உனக்கும் ஆசை இருந்தது. அந்த ஆசையில் ஒரு குற்றமும் இல்லை. அம்மாவுக்கு உன்னைவிட ஆசை, எழுந்து உட்கார முடியாத நிலையிலும் உன் பெட்டியில் என்னென்ன வைக்க வேண்டும் என்று எங்களை அதட்டிக்கொண்டிருந்தாள். உன்னைக் கடைசியில் பார்க்கவில்லையே என்று அவள் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை, நான் பக்கத்தில்தான் இருந்தேன். உனக்கு வலிக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த வலியைத் தூக்கி அவன் தலையில் வைத்திருக்கிறாய், இறக்கிவிடு.

குழந்தைக்கு ஞானஸ்நானம் இன்னும் ஆகவில்லை. ஞானத்தாயாக நீதான் நிற்க வேண்டும் என்று தம்பி ஒற்றைக்காலில் நிற்கிறான். ஜென்ம பாவத்தோடு பிள்ளையை இப்படிக் காக்க வைக்கலாமா என்று போதகர் கடிந்துகொண்டார். பாவம் எங்கேயும் ஓடிடாதுங்க ஐயா, எங்க அக்கா வரட்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். பாம்புக்கு நான் புதுக் கண் தைத்துக் கொடுத்தேன், குழந்தை இப்போது அதன் வாலைச் சப்பிக்கொண்டுதான் தூங்குகிறாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, பசித்தால் நீ என்ன செய்வாய் என்று சபைக்கே தெரியும். தோள்வலிக்கு டாக்டரைப் பார், தள்ளிப்போடாதே. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார், அம்மாவின் ஆசீர்வாதமும் உன்னோடுதான் இருக்கிறது. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. தோட்டத்தில் ஆதாம் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டபோது கடவுள் எடுத்தவுடனே ஏன் தின்றாய் என்று கேட்கவில்லை, எங்கே இருக்கிறாய் என்றுதான் கேட்டார், பெற்ற மனசு அப்படித்தான் கேட்கும் என்று அம்மா ஒவ்வொரு வருஷமும் சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்குச் சொல்லுவாள். நான் உன்னோடு பேசிவிட்டு போனை வைக்கும்போதெல்லாம் உன் தம்பி கதவோரம் வந்து நிற்கிறான். நீ அவனைச் சொன்னதைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. அக்கா எங்கப்பா இருக்கா, வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்துட்டாளா என்று மட்டும் கேட்கிறான்.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும்
அப்பா