மூன்றாம் நாள் தண்ணீர்

வெள்ளானூர்
20-1-97

அன்புள்ள மகன் உலகநாதனுக்கு அம்மா கெங்கம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே உடம்புக்கு எல்லாரும் சுகம், நீயும் அங்கே சுகமாக இருக்க கங்கையம்மனை வேண்டிக்கொள்கிறேன். மனசுக்குச் சுகமா என்று கேட்காதே, இல்லை. உன் மேல் இருக்கிற கோபத்துக்கு போகிப் பண்டிகை அன்றே எழுதியிருப்பேன், நல்ல நாளும் அதுவுமாக வேண்டாமென்று வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். உன் தங்கச்சி தாட்சாயிணிக்கு ஏழாம் மாசம் நடக்கிறது, பூந்தமல்லியில் டாக்டரம்மாவிடம் காட்டினோம், பிள்ளை நன்றாக வளர்கிறதாம். நல்ல சேதி அவ்வளவுதான். மற்றதெல்லாம் நீ அனுப்பிய அந்த ஸ்ட்ராபெரிச் செடியைப் பற்றியது.

மகாபலேஸ்வரில் தோட்டத்து சூப்பர்வைசர் ஆகிவிட்டாய், சந்தோஷம். ஈரச் சாக்கில் சுற்றி முந்நூறு நாற்றும், கறுப்பு பிளாஸ்டிக் தாளும், சொட்டுத் தண்ணீர்க் குழாயும் ஆள் மூலமாக அனுப்பினாய், உன் நைனா அரக்கோணம் ஸ்டேஷனுக்கே போய் வாங்கித் தலையில் சுமந்து வந்தார். கூடவே எப்படிச் செய்ய வேண்டும் என்று ரெண்டு பக்கம் எழுதி வைத்திருந்தாய். அவருக்கு எழுத்து தெரியாது, அது உனக்குத் தெரியும். தினம் விடிந்ததும் அந்தக் காகிதத்தை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்பார், நாலாம் நாளிலிருந்து நான் ஒரு வரி விட்டால் அவர் எடுத்துக் கொடுத்தார். மேட்டுப் பார் போட்டு, தாளை விரித்து, ஓரத்துக்கு மண் அணைத்து, ஓர் அடிக்கு ஒரு ஓட்டை போட்டு, மழை விட்ட கார்த்திகைக் கடைசியில் நட்டார். பக்கத்துக் கழனி துலுக்கானம் வந்து நின்று, இன்னா அண்ணாத்தே, செடிக்கு ரெயின்கோட்டு மாட்டி குளுகோஸ் ஏத்தினுகீறே என்று சிரித்தான். எம்புள்ள சொல்லிக்கீறான், அவனுக்குத் தெரியும், நீ போ என்று சொல்லிவிட்டு இவர் குனிந்த தலை நிமிரவில்லை.

அந்தச் செடிதான் செத்தது. வாய்க்கால் தண்ணீர் பார்களுக்கு நடுவில் பாய்ந்து, தாளுக்கு அடியில் ஊறி, காய வழியில்லாமல் நின்று, எட்டே நாளில் குருத்தெல்லாம் அழுகிவிட்டது. நைனா மடையைத் திறந்துவிட்டார் என்று உனக்குக் கடிதம் போட்டேன். நீ பதில் எழுதினாய் பார், அதை எழுத உனக்கு எப்படியடா கை வந்தது. சொன்னதைச் செய்யக்கூடத் துப்பில்லையா, காலமெல்லாம் அடுத்தவன் கழனியில் கூலிக்கு இருந்த புத்தி எங்கே போகும், அந்தக் கால் காணியை பிளாட்காரனுக்குக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்காரச் சொல் என்று. அந்தக் கூலிதான் உன்னை விவசாய டிப்ளமா படிக்க வைத்தது. அந்தக் கால் காணி, நாங்கள் ரெண்டு பேரும் இருபது வருஷம் ஊரார் நாற்றை நட்டு வாங்கிய மண். சோறு தின்கிறவன் எழுதுகிற வார்த்தையா அது?

உன் கடிதத்தையும் நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். அந்த இடம் வந்ததும் நிறுத்தி, விட்டுவிட்டுத் தாண்டலாம் என்று பார்த்தேன். அவர் கண்டுபிடித்துவிட்டார். இன்னா நிறுத்திட்டே, பூராத்தையும் படி என்றார். படித்தேன். கேட்டு முடித்து, மண்வெட்டியைக் கழுவிப் பரணில் போட்டார். மறுநாளே அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போய்விட்டார். கேட்டதற்கு, கூலிப் புத்திதானே, கூலிக்கே போறேன் என்கிறார். கழனிப் பக்கம் காலே வைக்கவில்லை. பிளாட் புரோக்கர் கங்காதரன் மோப்பம் பிடித்து வந்தான், மாசி பிறந்ததும் பிளாட்டுக் கல் நட்டுக்கோ என்று இவரும் தலையாட்டிவிட்டார். நான் அழுது பார்த்தேன், கத்தியும் பார்த்தேன், அவர் காதில் ஏறவில்லை.

இனி எழுதுவதை நன்றாகப் படித்துக்கொள். மடையைத் திறந்தவள் நான். நட்ட மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் விடாமல் நான் ஒரு நடவும் பார்த்ததில்லை. அன்றைக்கு உன் நைனா குழாய்க்கு ஒரு மூடி வாங்க அம்பத்தூர் போயிருந்தார். உச்சி வெயிலில் செடி தலை தொங்கி நின்றது, அந்தக் குழாயோ மூக்கு ஒழுகுவதுபோல் சொட்டிக்கொண்டிருந்தது. பச்சைப் பிள்ளை தாகத்தில் கிடக்கிற மாதிரி இருந்தது, மனசு கேட்கவில்லை. மோட்டாரைப் போட்டு மடையை வெட்டிவிட்டேன். உன் காகிதத்தில் மடைத் தண்ணீர் கூடாது என்று போட்டிருந்ததை நானே தினம் படித்தவள், படித்தும் கையை வைத்தேன். சாயங்காலம் வந்தவர் பார்த்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இருட்டும் வரை சட்டியால் தண்ணீரை வாரி இறைத்தார். உனக்கு எழுத உட்கார்ந்தபோது, எம்பேரப் போடு, எம்மேல கோவிச்சிக்கினா போறான், உன்ன ஒரு வார்த்த சொன்னா நீ தாங்க மாட்டே என்றார். நானும் போட்டேன். என் பேரில் வரவேண்டிய வசவை என் வாயாலேயே அவருக்குப் படித்துக் காட்டினேன், உலகநாதா. உன் மேல் இருக்கிற கோபத்தில் பாதி என் மேல்தான், ஆனாலும் உன் பாதியைக் குறைத்துக்கொள்ள மாட்டேன். நான் தண்ணீரால் கெடுத்தேன், நீ பேச்சால் கெடுத்தாய்.

மேல் பாரில் தண்ணீர் ஏறாத இடத்தில் நாற்பத்திரண்டு செடி பிழைத்து வெள்ளையாகப் பூ விட்டிருக்கிறது. அவர் வாயால் சொல்லிக் கேட்டதை வைத்து நான்தான் குழாயைத் திறந்து மூடுகிறேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்கு எழுதாதே, அவரையே யோசனை கேட்டு அவருக்கு எழுது. மாசி பிறக்கும் முன்னே கடிதம் வந்து சேர வேண்டும். அங்கே பனி அதிகமென்று கேள்விப்பட்டேன், காதை மூடிக்கொண்டு படு, வேளைக்குச் சாப்பிடு, தீர்க்காயுசாக இரு. இதை நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. உன் பதிலில் என்னை என்ன திட்ட வேண்டுமோ திட்டி எழுது, யார் மடையைத் திறந்தது என்று உனக்குத் தெரிந்துவிட்டதையும் எழுது. போன தடவை மாதிரியே ஒரு வரி விடாமல் அவருக்குப் படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சி. கெங்கம்மாள்